விக்டோரியா அக்காவின் இரண்டு சிட்டுகள்

திங்கட்கிழமை பிற்பகல். சென்னைக்கு அருகே நூம்பலில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜெனிஃபர் அழைத்தாள்.

“ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க.”

எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்து, அவள் குரலின் நிதானத்தில் புரிந்துகொண்டேன்.

“சாப்ட்டாங்க. மீன் கொழம்பு நல்லா கீதுன்னாங்க. கை கழுவிட்டு வந்து சேர்ல ஒக்காந்தாங்க. நான் தட்ட எடுத்து வெச்சிட்டு வந்து பாக்குறேன், தூங்குற மாதிரிதான் இருந்துச்சு.”

“என்ன மீனு?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எத்தனை அபத்தம் என்று உறைத்தது. ஆனால் ஜெனிஃபர், “சங்கரா ஆன்ட்டி, பெரிய மீனு” என்று அக்கறையாகப் பதில் சொன்னாள். அவள் விக்டோரியாவின் மகள். அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி தவறாகப்படாது.

திருமதி விக்டோரியா அந்தோணி அவர்கள் ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே தம் அறுபத்தெட்டாவது வயதில் இறைவனிடம் சேர்ந்தார். பாடியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் இருபத்தெட்டு வருடங்கள் வேலை பார்த்தார். பறவைகளையும் பூக்களையும் வரைந்தார். யாராவது ஓவியர் என்று சொன்னால், “ஓவியர் இன்னாத்துக்கு? எனுக்கு கை சும்மா இருக்காது, அவ்ளோதான்” என்பார். அவரை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆரணியிலிருந்து வந்து, பாடியில் ஒரு சின்ன அறையில் மூன்று பெண்களுடன் தங்கியிருந்தேன். முதல் நாள் வேலைக்குப் போனால் நீளமான மேசை, தலைக்கு மேலே ட்யூப் லைட், மேசையின் இரு பக்கமும் பெண்கள். எண்ணெய் வாடை. எல்லாரும் குனிந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா, புதுசா? குந்து. இந்த அளவு பாக்குற கேஜ் ஓட்டைல பூந்தா ஓகே, பூராட்டி ரிஜெக்ட். அவ்ளோதான் வேல. மத்ததெல்லாம் பேச்சு.”

அவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அன்றிலிருந்து எனக்கு விக்டோரியாக்கா.

தேறாத உருப்படிகளில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் புள்ளி வைத்தோம். அக்கா அந்தப் புள்ளியைச் சுற்றி ஐந்து இதழ் வைத்தார். சில நாட்களில் நடுவில் மகரந்தத் தண்டும் வந்தது. ஒரு காலை சூப்பர்வைசர் அப்படி ஒன்றைக் கையில் எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

“விக்டோரியா, இது ரிஜெக்டா, கல்யாண வரிசையா?”

“ரிஜெக்ட்தான் சார். அதுக்காக அசிங்கமா அனுப்பணுமா?”

மேசை முழுக்கச் சிரித்தது. அவர் உருப்படியை எடுத்துக்கொண்டு போனார். அந்த சூப்பர்வைசர் ஓய்வு பெற்ற நாளில் அவருடைய மேசையைக் காலி செய்ய நாங்கள் உதவினோம். காகிதம் பறக்காமலிருக்க அவர் அத்தனை வருடங்களாக வைத்திருந்த பாரம், இதழ் வரைந்த அந்த இரும்புத் துண்டுதான்.

அக்கா இதழ் வரைந்த அந்த நாட்களில்தான் எங்கள் பிரிவுக்கு ஒரு காலண்டர் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்தபோது கூடவே வந்தது. யாராலும் படிக்க முடியாத மொழியில் நாளும் கிழமையும். ஒரு பக்கத்தில் மட்டும் படம்: வாழை இலை போன்ற இலைகளுக்கு நடுவே, நண்டுக் கால்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போல ஒரு சிவப்புப் பூ. அதன் முன்னால் அந்தரத்தில் நிற்கும் ஒரு சின்னப் பறவை. உடம்பு பச்சை, கழுத்தில் நெருப்புத் துண்டு மாதிரி ஒரு மினுக்கம். அந்த மாதம் முடிகிறவரை அக்கா பொறுத்திருந்தார். முடிந்த மறுநாள் காலை அந்தத் தாள் அவருடைய டிபன் பைக்குள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார். ஓட்டு வீடு, பின்னால் துணி துவைக்கும் கல், கல்லுக்கு அருகில் தலைக்கு மேல் வளர்ந்த செம்பருத்தி. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் அளவில் ஒரு கறுத்த பறவை வந்தது. வெயில் பட்டதும் அந்தக் கறுப்பு நீலமாகி ஊதாவாகியது.

“பாத்தியா? காலண்டர்ல கீறவன் நம்ம ஊட்டுக்கே வந்துகினு கீறான்” என்றார்.

நான் தலையாட்டினேன். எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், அட்டைப் பெட்டி மூடி, எவர்சில்வர் டப்பா, எது கிடைத்தாலும் அந்தச் சிட்டும் அந்தச் சிவப்புப் பூவும். ஆயுத பூஜைக்கு எங்கள் பிரிவின் சுவரில் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகு, பக்கத்திலேயே அக்காவின் சிட்டு ஒன்று ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்து உட்காரும். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் ஜெபமாலை சொல்கிறவர், தொழிற்சாலையின் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பொரி கடலை பொட்டலம் கட்டுவதிலும் முன்னால் நிற்பார்.

அவருடைய கணவர் அந்தோணி, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். அன்றைக்கு மேசையில் யாரும் பேசவில்லை. மதியம் அவரே பேசினார்.

“ஏம்மே, நான் போய்ட்டேனா, அவுரு போனாரா? பேசுங்க.”

பிள்ளைகளைக் கிளப்பி, சமைத்து, ஆவடியில் பஸ் பிடித்து ஷிப்டுக்கு வர வேண்டும். அதற்கு முன்னால் விடிந்ததும் அரை மணி நேரம் பிரஷ் எடுப்பார். அதை விட்டுக்கொடுக்க மாட்டார். “அந்த அரை மணி எனுக்கு. மீதி பூரா ஊருக்கு” என்று சொல்வார். அவர் கோபக்காரர் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் தங்கிய ஒருநாள், அந்த அரை மணியில் நான் பேச்சுக் கொடுத்ததில், இரண்டு நாள் அவர் என்னிடம் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் என் டிபனில் அவர் வீட்டு இறால் தொக்கு இருந்தது. சமாதானம் எப்போதும் அந்த வழியாகத்தான் வரும்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றோம். என் மகன் நூம்பலில் ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பில் வீடு வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்கு அக்கா ஒரு பெரிய படத்தைத் துணியில் சுற்றி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார். இந்த முறை அட்டை இல்லை, உண்மையான கான்வாஸ். எங்கள் கூடத்தில் மாட்டினோம்.

எதிர்வீட்டில் சரண்யா என்றொரு பெண். ஈரோட்டுக்காரி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனி ஞாயிறானால் பைனாகுலரோடு ஏரி ஏரியாகச் சுற்றிப் பறவை பார்க்கிறவள். கேசரிக் கிண்ணத்தோடு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“ரொம்ப அழகா இருக்குங்க ஆன்ட்டி. ஹம்மிங்பேர்டு தானுங்க?”

“இன்னா பேரோ தெரியாதும்மா. எங்க ஊட்டு கொல்லைல வர்ற சிட்டு.”

சரண்யா தயங்கினாள். பொய் சொல்லத் தெரியாத பெண். “ஹம்மிங்பேர்டு நம்ம நாட்டுலயே இல்லீங்க ஆன்ட்டி. அமெரிக்கக் கண்டத்துல மட்டும்தான் இருக்கு. உங்க வீட்டுக்கு வர்றது தேன்சிட்டா இருக்கும்.”

“இன்னாம்மா சொல்ற? டெய்லி வந்துகினு கீது. நான் கண்ணால பாக்குறேன். நீ போன்ல பாத்துட்டு சொல்ற.”

என் மருமகள் அவசரமாக எல்லாருக்கும் இன்னொரு முறை காபி கொடுத்தாள். அக்கா காபியை வாங்கிக்கொண்டு, “வர்ற ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா. காமிக்கிறேன்” என்றார். அது அழைப்பா சவாலா என்று சரண்யாவுக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பறவை வந்தது. சரண்யா பைனாகுலரை அக்காவிடம் கொடுத்தாள். அத்தனை வருடங்களில் அக்கா அதைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“எங்க இருக்குதுன்னு பாருங்க ஆன்ட்டி. காத்துல நிக்குதா?”

“காம்புல குந்திகினு கீது.”

“அலகு?”

அக்கா பைனாகுலரைக் கண்ணோடு அழுத்திக்கொண்டார். “வளஞ்சிருக்குது” என்றார். அந்தச் சிட்டு செம்பருத்தியின் முகத்துக்கே போகவில்லை. பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனைக் குடித்துவிட்டுப் போனது. பிறகு சரண்யா தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். காலண்டரில் இருந்த அதே மாதிரிப் பறவை, அந்தரத்தில் நின்றபடி, ஊசி போல நேரான அலகைப் பூவுக்குள் விட்டு எடுத்தது. அப்படியே பின்பக்கமாகப் பறந்தது. இறக்கை இருப்பதே தெரியவில்லை. அந்த இடத்தில் காற்று மட்டும் கலங்கியிருந்தது.

“பூகிட்ட குந்தாதா இது?”

“பூவுல உக்காராதுங்க. பறந்துக்கிட்டேதான் குடிக்கும்.”

“பாவம்” என்றார் அக்கா. சரண்யாவுக்கு இட்லி வைத்தார், தேங்காய்ச் சட்னி வைத்தார், வாசல் வரை வந்து அனுப்பினார். ஆனால் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது சரண்யா கண் கலங்கிவிட்டாள். “நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணுங்க.”

செவ்வாய்க்கிழமை வரை அக்கா போனை எடுக்கவில்லை. புதன்கிழமை நானே போனேன். முப்பது வருடப் படங்களை எல்லாம் தரையில் பரப்பிவைத்து, நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருக்களில் கொடுத்திருந்தவற்றையும் இரவல் வாங்கி வந்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் சிட்டுக்கு அலகு காலண்டரில் இருப்பது போல நேராக இருந்தது. ஆனால் கொல்லைச் சிட்டைப் போல அது காம்பில் உட்கார்ந்திருந்தது. பச்சை உடம்பு அங்கேயிருந்து, கால் இங்கேயிருந்து.

“சுந்தரி, இத்த பாரு. இதுவும் இல்ல, அதுவும் இல்ல. எந்த நாட்லயும் இல்லாத ஒண்ண முப்பது வருசமா வரஞ்சிகினு இருந்துக்கிறேன்.”

அழப்போகிறார் என்று நினைத்து அருகில் உட்கார்ந்தேன். அவர் தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். “பாடி பூரா, ஆவடி பூரா, கல்யாணம் காது குத்துக்கெல்லாம் குடுத்துக்கிறேனே. ஒர்த்தரும் கேக்கலியே.” நானும் சிரிக்க ஆரம்பித்தேன். ஜெனிஃபர் அடுப்படியிலிருந்து ஓடி வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

சிரித்து முடித்ததும் சொன்னார்: “ரெண்டையும் ஒழுங்கா வரையணும். அந்தப் பொண்ணுக்குப் போன் போடு.”

அறுபது வயதைத் தாண்டியவர் முதலிலிருந்து தொடங்கினார். சரண்யா அனுப்பும் வீடியோக்களைப் பார்ப்பார். கொல்லையில் மணிக்கணக்காக உட்காருவார். பூந்தமல்லி சாலையில் இருக்கும் நர்சரிகளில் ஏறி இறங்கி, காலண்டர் தாளைக் காட்டிக் காட்டி, கடைசியில் அந்தச் சிவப்புப் பூச் செடியையே கண்டுபிடித்து வாங்கிவந்தார். ஹெலிகோனியா என்று பெயராம். துவைக்கும் தண்ணீர் போகும் வழியில் நட்டார். அது அங்கே நட்ட வாழைகளையே விரட்டிவிடும் அளவுக்குத் தழைத்தது. தேன்சிட்டு அவர் கைக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. வளைந்த அலகு, காம்பைப் பிடித்த சின்னக் கால், வெயிலில் மட்டும் காட்டும் ஊதா. அந்தப் படத்தைப் பார்த்துச் சரண்யா, “இது உங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்குதுங்க” என்றாள். கொல்லைக்கு வரும் பறவையைத்தான் சொன்னாள், கணவரை அல்ல. ஆனால் அக்கா நெடுநேரம் அதையே சொல்லிச் சிரித்தார்.

ஹம்மிங்பேர்டு மட்டும் வரவில்லை. உடம்பும் அலகும் சரியாக வரும். இறக்கையை வரைந்ததும் செத்துவிடும். ஒவ்வொரு இறகாக, விசிறி மாதிரி, அத்தனை சுத்தமாக வரைவார். ஆணி அடித்து மாட்டியது போல அது நிற்கும். மாதக்கணக்கில் வரைந்து கிழித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டம்ளர் பிடிக்கும்போது. பிறகு பொத்தான் போடும்போது. மருத்துவர், உயிருக்கு ஒன்றும் இல்லை, வயதில் சிலருக்கு வருவதுதான், மாத்திரையில் குறையும், முழுதாக நிற்காது என்று சொன்னார். அக்கா மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பிரஷ்களைக் கழுவித் துடைத்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தலைகீழாகச் செருகிவைத்தார். விடியற்காலை அரை மணி நேரத்தில் சும்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்காமல் இருந்ததை நான் பார்த்தது அந்தச் சில மாதங்களில்தான். எனக்குப் பயமாக இருந்தது.

ஆவடியில் அவர் பிரஷர் மாத்திரை வாங்கப் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கலைச்செல்வி என்றொரு நர்ஸ் இருந்தார். ஜெனிஃபரின் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டவர், அக்காவின் படங்களைப் பார்த்தவர். ஊசி போடும் அறையின் சுவரில் ஏதாவது வரைந்து தரும்படி கேட்டார்.

“கை ஆடுது சிஸ்டர். வேற ஆளப் பாரு” என்று அக்கா சொல்லிவிட்டார். அடுத்த மாதமும் சிஸ்டர் கேட்டார். அப்போதும் அதே பதில்.

மூன்றாவது மாதம் மாத்திரைக்குப் போன நாள் புதன்கிழமை, தடுப்பூசி நாள். நானும் உடன் போயிருந்தேன். அறைக்குள் ஒரு குழந்தை அழுதால் வெளியே வரிசையில் இருக்கும் எல்லாக் குழந்தைகளும் அழுதன. ஒரு இளம் தாய் தன் பெண் குழந்தையை ஊசிப் பக்கம் பார்க்கவிடாமல் திருப்பி, சுவரைக் காட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் என்ன இருக்கிறது? வெறும் வெள்ளை.

“அதோ பாரு, அதோ பாரு, பல்லி பாரு” என்றாள் அந்தத் தாய். குழந்தை பல்லியைப் பார்த்துவிட்டு இன்னும் உரக்க அழுதது.

அக்கா மாத்திரையை வாங்காமலே எழுந்து சிஸ்டரிடம் போனார். “பெயின்ட்டு வாங்கி வையி. சனிக்கெழம வர்றேன்.” வெளியே வந்ததும் என்னிடம், “நீயும் வர்ற. பிரஷ் கழுவு, தண்ணி குடு. ஆடுனா ஆடட்டும். பல்லிய வுடவா கேவலமா இருந்துரப் போவுது?” என்றார்.

ஐந்து நாட்கள் வேலை நடந்தது. இலைகளையும் சிவப்புப் பூக்களையும் பெரிய பிரஷால், தோளிலிருந்து கையை வீசிப் போட்டார். அதில் நடுக்கம் தெரியவில்லை. பக்கத்தில் செம்பருத்தி. அதன் காம்பில் தேன்சிட்டு. அதன் அலகுக்கு மட்டும் கை நிற்கவில்லை. ஒரு துடைப்பக் கட்டையைச் சுவருக்குக் குறுக்கே நான் பிடித்துக்கொண்டேன். அதன்மேல் மணிக்கட்டை ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரே கோட்டில் முடித்தார். இருவருக்கும் வியர்த்துவிட்டது.

கடைசி நாள் ஹம்மிங்பேர்டு. உடம்பு, கழுத்து, அலகு எல்லாம் கட்டையின் உதவியால் வந்தன. இறக்கைக்குத் தொடங்கும்போது கட்டை நழுவி என் காலில் விழுந்தது. நான் குனிந்து எடுப்பதற்குள், ஊன்றல் இல்லாத அவர் கை சுவரில் பட்டு நடுங்கிவிட்டது. சாம்பல் நிறம் அலை அலையாகத் தீற்றிக்கொண்டு போனது. எல்லாம் கெட்டது என்று நினைத்து, ஈரத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“கைய வெக்காத” என்றார்.

பின்னால் நடந்தார். எதிர்ச் சுவர் வரை போய், சாய்ந்து நின்று பார்த்தார். நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். வலது பக்கத்தில் இறக்கை இல்லை, கலங்கிய காற்று இருந்தது. அந்தச் சின்ன உடம்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

“சுந்தரி” என்றார் மெதுவாக. “பறக்குதுடி.”

அவர் என்னை ‘டி’ போட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு போய், கட்டையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, இடது இறக்கையைத் தம் கையின் போக்கிலேயே விட்டு முடித்தார்.

மறுநாள் சரண்யா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “இன்னாம்மா எக்ஸாமினரு, பாஸா பெயிலா?” என்றார். சரண்யா வெகுநேரம் பார்த்தாள். எப்படி இந்த இறக்கையைப் போட்டீர்கள் என்று கேட்டாள். “வியாதிம்மா” என்றார் அக்கா. இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. வரிசையில் இருந்த ஒரு பெரியவர், “நம்ம நாட்டுப் பறவ எத்தினி கீது, வெளிநாட்டுப் பறவைய இன்னாத்துக்கு வரஞ்சிக்கிற?” என்று கேட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஊசிய மட்டும் நம்ம ஊர்லயா கண்டுபுட்ச்சாங்க நைனா?” என்றார். அவரும் சிரித்துவிட்டார்.

குழந்தைகள் அழுவது நின்றதா என்று பலர் கேட்பார்கள். கலைச்செல்வி சிஸ்டரின் பதிலையே சொல்கிறேன்: “ஊசி போடுற வரைக்கும் அழறதில்ல. போட்டதுக்கு அப்புறம் அழுவுது. எனக்கு அது போதும்.”

அதற்குப் பிறகு அக்கா பிரஷ்களை மறுபடி ஹார்லிக்ஸ் பாட்டிலில் செருகவில்லை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு அங்கன்வாடி, எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்துத் தூண்கள், அவருடைய கோயிலின் ஞாயிறு வகுப்பு அறை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார். தேன்சிட்டுக்குக் கட்டை பிடிக்க நானும் போனேன். ஓய்வு பெற்ற இரண்டு பெண்கள் பெயின்ட் டப்பாவும் துடைப்பக் கட்டையுமாக ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள். “இன்னா பாக்குற? கான்ட்ராக்டரு நாங்க” என்பார். என் வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்த வருடங்கள் அவை.

மஸ்கட்டில் இருக்கும் அக்காவின் மகன் வருவதற்காக அடக்கத்தைப் புதன்கிழமைக்கு வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலை கலைச்செல்வி சிஸ்டர் ஜெனிஃபரை அழைத்திருக்கிறார். நாளை தடுப்பூசி நாள், விட்டுவிட்டு வர முடியாது, சவ வண்டியைச் சுகாதார நிலைய வாசலில் ஒரு நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறார். கல்லறைத் தோட்டத்துக்கு அது வழியே இல்லை, சுற்றுதான். சுற்றிக்கொண்டு போகலாம் என்று மகன் சொல்லிவிட்டார்.

கோயிலில் பூசை முடிந்து வண்டி கிளம்பியது. நானும் சரண்யாவும் ஜெனிஃபரோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். எங்கள் பழைய மேசையின் பெண்கள் ஏழு பேர் பின்னால் வேனில் வந்தார்கள். சுகாதார நிலையத்தின் வாசலில் வண்டி நின்றதும், சிஸ்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், வரிசையில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் குழந்தைகளை இடுப்பிலும் தோளிலும் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். பலருக்கு அக்காவைத் தெரியாது. யாரென்று சிஸ்டர் சொல்லியிருப்பார். பெட்டியின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார்கள். சிஸ்டர் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எல்லாரும் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றோம். தெருவில் போன ஆட்டோக்கள்கூட வேகத்தைக் குறைத்தன.

அப்போது, சற்று முன்னால்தான் ஊசி போட்டுக்கொண்ட ஒரு குழந்தை, தன் வலி அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல, முழுக் குரலெடுத்து அழத் தொடங்கியது. தாய் பதறிப்போய் அதன் வாயைப் பொத்தப் போனாள்.

“வுடும்மா” என்றார் சிஸ்டர். “அது ஒண்ணாவது ஒழுங்கா அழட்டும்.”

முதலில் சிரித்தது ஜெனிஃபர்தான். பிறகு சரண்யா. பிறகு நான். வேனில் இருந்த எங்கள் மேசைப் பெண்களுக்கு என்னவென்று தெரியாமலே சிரிப்பு தொற்றிக்கொண்டது. டிரைவர் திரும்பிப் பார்த்தார், இப்படி ஒரு சவ ஊர்வலத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம், நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கவே வண்டி நகர்ந்தது. அந்தக் குழந்தை தாயின் தோளில் இருந்தபடி, நாங்கள் முனை திரும்பும் வரை விடாமல் அழுதது.

விக்டோரியாக்கா, நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். வழியில் யாராவது புதிதாக வந்து தனியாக நின்றுகொண்டிருந்தால், குந்தவைத்துப் பேசிவிட்டுப் போங்கள்.